தையில் பார்க்கலாம்

கம்ப்யூட்டரைச் சரிபண்ணி, மூடியை மாட்டி, ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு எழுந்திருப்பேன். வழியனுப்ப வாசல்வரை வருவார்கள். நான் செருப்புக்குள் காலை நுழைக்கும் நேரம் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வரும்.

“சும்மாதான் கேக்கேன் அண்ணாச்சி… இந்த ராம்பு ஏன் இப்படி வெடிச்சுக் கெடக்கு?”

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கார் ஏறும் வாசல் சரிவைப் பற்றி அவர்களிடம் யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. என்னிடம் கேட்பதற்குக் காரணம் என் அப்பா. அவர் கொத்தனார். பள்ளிக்கூட லீவில் அவருக்குச் சித்தாளாக நின்று நான் சாந்துச் சட்டி தூக்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். மாமா கடையில் உட்கார்ந்து வீடியோ கேம் வாடகைக்கு விட்டதைப் பார்த்தவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் இப்போது கேம் பித்து. ஆக, ஒரே வீட்டில் அப்பா பேங்க் சைட் திறக்கவில்லை என்பார், மகன் எந்த கிராஃபிக்ஸ் கார்டு நல்லது என்பான், அம்மா வாசலைக் காட்டுவார். மூன்றுக்கும் வாய் வலிக்கப் பதில் சொல்வேன். காசு முதலாவதற்கு மட்டும்தான். அதுவும் எதையாவது கழற்றி மாற்றியிருந்தால்தான் முகம் கோணாமல் வரும். ‘ஒன்றும் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்று தைரியமாகச் சொல்ல எனக்கு 25 வருஷம் பிடித்தது. அந்தச் சொல்லுக்கு இதுவரை ஒருவரும் நூறு ரூபாய் எடுத்து நீட்டியதில்லை.

யோசனை சொல்லும் தொழில் எனக்கு 15 வயதில் ஆரம்பித்தது. 1995. மாமா டிவி ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஆள் திரும்பியே வராத இரண்டு போர்ட்டபிள் டிவிகளில் கேம் பெட்டிகளைச் சொருகி, ‘அரை மணி மூன்று ரூபாய்’ என்று அட்டையில் எழுதி மாட்டினார். ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 1983இல் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல் அது என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? அதில் சொருகும் சாமானுக்குக் கேசட் என்று பெயர். கேசட் மேல் 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பதைக் கையால் எண்ணிவிடலாம். அதே மரியோவை வேறு நிறத்திலும், அதே கான்ட்ராவை இரண்டாம் கட்டத்திலிருந்தும் போட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். பையன்கள் புது கேம் தேடி ஐநூறு, அறுநூறு என்று இறங்கிப் போயே அரை மணியைத் தொலைப்பார்கள்.

கான்ட்ராவில் மூன்று உயிர்தான். ஆனால் தலைப்புத் திரை நிற்கும்போது மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று வரிசையாக அழுத்திவிட்டு ஆரம்பித்தால் முப்பது உயிர் கிடைக்கும். மதுரையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன் எனக்குச் சொன்னது இது. பக்கத்துத் தெருக் கடையில் அரை மணி இரண்டு ரூபாய்தான். இருந்தும் இந்த ரகசியத்துக்காகப் பையன்கள் எங்களிடம் வந்து வரிசையில் நின்றார்கள். நானும் பெருமையாகக் காதோடு சொல்லிக் கொடுத்தேன். மறுநாளே அத்தனை பேரும் இரண்டு ரூபாய்க் கடைக்குப் போய்விட்டார்கள். மாமா என்னைத் திட்டவில்லை. “சொன்ன பெறகு சரக்கு நம்ம கையில இல்லல” என்றார், அவ்வளவுதான்.

கேசட் வேலை செய்யாவிட்டால் எல்லோரும் வாயை வைத்து ‘ஃபூ’ என்று ஊதுவார்கள். ஊதினதும் வேலை செய்யும். ஊதுவதால் அல்ல, கழற்றித் திரும்பச் சொருகுவதால். வாய் ஈரம் பட்டுப் பட்டு அந்தச் செம்புப் பட்டைகள் பச்சை பூத்துக் கறுக்கும். மாமா பள்ளிக்கூட ரப்பரால் பட்டைகளைத் தேய்த்து, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். அதே ரப்பரைத்தான் இன்றைக்கும் பையில் வைத்திருக்கிறேன். சுவிட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்து ‘பீப்… பீப்…’ என்று நீளமாகக் கத்தும் கம்ப்யூட்டரில் பாதிக்கு மேல் ராம் அட்டையைக் கழற்றி, அதன் தங்கப் பட்டையை ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினால் உயிர் வந்துவிடும். மூன்று நிமிஷ வேலை. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்றால் மட்டும் கொஞ்சம் நிதானமாகச் செய்வேன். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. மூன்று நிமிஷத்தில் முடித்தால் 200 ரூபாய் கேட்க நாக்கு வராது.

போன வருஷம் ஒருத்தர் பரணில் கிடந்த அந்தக் காலத்துக் கேம் பெட்டியையும் வாத்து சுடும் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு வந்தார். மகனுக்குக் காட்ட வேண்டுமாம். புது எல்இடி டிவியில் கேம் வருகிறது, துப்பாக்கி மட்டும் சுடவில்லை. துப்பாக்கியில் பழுதே இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சம் குழாய்க்குள் இருக்கும் கண்ணில் விழுந்தால் வாத்து செத்தது. குண்டு பல்பு போலப் பெருத்த பழைய பிக்சர் டியூப் டிவி அந்த வெளிச்சத்தை அந்தக் கணமே காட்டும். புது டிவி கொஞ்சம் யோசித்துத்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும். “பழைய டிவி ஒண்ணு தேடுங்க” என்றேன். பழைய டிவிகள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன என்றார். அந்த யோசனைக்கும் காசு வாங்கவில்லை.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு 2000இல் கடை போட்டேன். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணித்தான் விற்போம். செலரான், கையில் காசிருந்தால் பென்டியம் 3, 64 எம்பி ராம், விண்டோஸ் 98. சாமான் வாங்க மெட்ராஸ் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. தெரு என்றுதான் பெயர், உள்ளே போனால் சந்துக்குள் சந்து. ஒரு கடையில் மதர்போர்டு, மாடிப்படிக்குக் கீழே இன்னொருவரிடம் ஹார்டு டிஸ்க், எதிர்ச்சந்தில் கேபினட். மத்தியானத்துக்குள் வாங்கி, அங்கேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி வண்டியைப் பிடிப்பேன். ஊருக்குக் கொண்டுவந்து பார்த்து ஓடாவிட்டால் திரும்பப் போகும் டிக்கெட் காசில் லாபம் கரைந்துவிடும்.

அந்தக் காலத்தில் நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே எழுதிவிட வேண்டும். பொய் என்று தெரியாமல் சொன்னதுதான். 2003, 2004 வாக்கில் விற்ற கம்ப்யூட்டர்கள் ஒன்றரை வருஷத்தில் தாமாக நின்று நின்று எழுந்தன. திறந்து பார்த்தால் புராசசர் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பி, சிலது வெடித்துப் பழுப்பாகக் கசிந்திருக்கும். மொத்த வியாபாரியிடம் கேட்டேன். “உங்க ஊர் கரண்டு சரியில்ல தம்பி” என்றார். நானும் வீடு வீடாக அதையே சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் ஸ்டெபிலைசரும் விற்றேன். அது எங்கள் ஊர்க் கரண்டின் குற்றமல்ல. உள்ளே ஊற்றிய மின்பகு திரவம் தரம் கெட்டது. அது வாயுவாகப் பிரிந்து தலையை உப்ப வைத்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான போர்டுகள் அப்படிச் செத்திருக்கின்றன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1000 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் என்று போட்டிருக்கும் அந்தக் குட்டிச் சாமானைச் சூடு வைத்து எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைத்தால் போர்டு பிழைத்துவிடும். ஸ்டெபிலைசர் வாங்கியவர்களில் இரண்டு பேரை இன்றும் கடைத்தெருவில் பார்க்கிறேன். நன்றாக உழைக்கிறது என்று வேறு சொல்கிறார்கள்.

எங்கள் தொழிலில் முதல் கேள்வி, “கடைசியா என்ன செஞ்சீங்க?” எல்லோருக்கும் பதில் ஒன்றுதான்: “ஒண்ணும் செய்யலையே.” அதற்குப் பிறகு மூக்கும் காதும்தான் வேலை செய்ய வேண்டும். சாம்பிராணி போடும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விசிறி இறக்கையில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கறையில் மரத்தூள். கரண்டு தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் பல்லி போய்க் கருகிச் செத்துக் கிடந்த வீடுகள் என் கணக்கில் பதினொன்று. ஒரு ஜோசியர் வீட்டுக்குப் போனது மறக்காது. ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேர் நாலு நாளாக கோசாரத்தைத் தப்பாகச் சொல்கிறது, வைரஸ் புகுந்துவிட்டது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் 2002 ஜனவரி 1 என்று இருந்தது. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரண்டு போகும்போதும் அவர் வருஷக்கணக்கில் பின்னால் போய்க்கொண்டிருந்தார். மூன்று வோல்ட் பேட்டரி. மாற்றிவிட்டுக் கிளம்பினேன். அந்த நாலு நாளில் பலன் கேட்டுப் போனவர்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பேங்க் சைட் திறக்கவில்லை என்று வரும் பழைய கம்ப்யூட்டர்களிலும் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். தேதி தப்பாக இருந்தால் அந்த சைட்டின் சான்று செல்லாது என்று கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிடும்.

கம்ப்யூட்டரும் மண்ணும் எங்கே சேருகின்றன என்று கேட்டால் எர்த்தில் சேருகின்றன. சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் வரிசையாக வரும்: “கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது.” எஸ்எம்பிஎஸ் உள்ளே கரண்டின் இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடம்புக்கு வரும். எர்த் சரியாக இருந்தால் கசிவதெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, 115 வோல்ட் அளவுக்குப் பெட்டியின் உடம்பில் நிற்கும். ஆளைக் கொல்லும் அளவுக்கு அதில் கரண்டு இருக்காது. ஆனால் டெஸ்டர் எரியும், பிரின்டர் கேபிளைச் சொருகும்போது போர்ட் கருகவும் கூடும். சிலர் மூன்றாவது பின்னையே ஒடித்துவிட்டு இரண்டு ஓட்டை பிளக்கில் சொருகியிருப்பார்கள், அவர்களைத் திட்டிவிடுவேன். மற்ற வீடுகளில் எர்த் குழி இருக்கும், ஆனால் கோடையில் கரிசல் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும்போது குழாயை விட்டு மண் விலகிப்போயிருக்கும். மழை பெய்தால் தானாகச் சரியாகும். அதுவரை அந்தக் குழாயில் தினம் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குக் கூப்பிட்டால் குடத்தை எடுக்கச் சொல்கிறானே என்று பார்ப்பார்கள். சாயங்காலம் ‘சுர்’ நின்றுவிட்டது என்று போன் வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கரியும் உப்பும் போட்டுக் குழியைப் புதுப்பிக்கச் சொல்வதோடு என் வேலை முடிந்தது.

ராம்பை வெடிக்க வைப்பதும் அதே கரிசல்தான். பருத்தி விளைய அதைப்போல மண் கிடையாது. வீடு கட்ட அதைப்போல வம்பு பிடித்ததும் கிடையாது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமாக எடுப்பதால் வீடு தப்பித்துவிடும். ராம்புக்கு யார் குழி தோண்டுகிறார்கள்? வீட்டு வேலை எல்லாம் முடிந்து, பால் காய்ச்சும் தேதி குறித்த பிறகு, மிச்சம் கிடக்கும் ஜல்லியையும் அரை மூட்டை சிமென்ட்டையும் வைத்து, பெயின்ட்காரர் ஏணிக்கு அடியில், ஒரே சாயங்காலத்தில் போடுவதுதான் எங்கள் ஊர் ராம்பு. சீக்கிரம் இழுத்துவிடக் கலவையைத் தண்ணியாகக் கலக்குவார்கள். மூன்றாம் நாள் விசேஷத்துக்கு வந்த மாப்பிள்ளையின் கார் அதன் மேல் ஏறும்.

அப்பா போடும் ராம்புக்கு முதல் நாள் முழுக்க மண்வெட்டி வேலைதான். ஒன்றரை, இரண்டு அடி கரிசலை வெட்டி வண்டியில் ஏற்றி வெளியே அனுப்புவார். அந்த இடத்தில் சரளையை அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்கச் சொல்வார். திமிசு போட்டது நானும் சித்தப்பா மகனும். தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். அதற்கு மேலே சிமென்ட், மணல், ஒன்றரை இஞ்சு ஜல்லி ஒன்றுக்கு நாலுக்கு எட்டு. அதற்கும் மேலே முக்கால் ஜல்லியில் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, ஐந்து இஞ்சுக்குக் குறையாமல். பத்தடிக்கு ஒரு இடத்தில் வேண்டுமென்றே கோடு கிழித்து வெட்டு விடுவார். விரிசல் வருவதென்றால் அந்தக் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகட்டும் என்பது கணக்கு. மேற்பரப்பை மழமழவென்று தேய்க்க விடமாட்டார். ஈரம் இருக்கும்போதே ஈர்க்குமாற்றால் குறுக்கே இழுத்துவிடுவார். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்காது, டைல்ஸ் ஒட்டவா என்று கேட்பார்கள். மழை நாளில் டூவீலரோடு சறுக்கி விழுந்த பிறகு கேட்பதில்லை.

தளமென்றால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். சரிவில் தண்ணீர் எங்கே நிற்கும்? அதனால் சாக்கை விரித்து, காலை மாலை நனைப்பார். ஏழு நாளாவது சாக்கு காயக் கூடாது. சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது என்பதைப் படித்தவர்களுக்குப் புரியவைப்பதுதான் அவருக்குப் பெரிய பாடு. முழுப் பலம் வந்ததாகக் கணக்கு வைப்பது 28ஆம் நாள். அத்தனை நாள் காரைத் தெருவில் நிறுத்த யாருக்கும் மனசு வராது. குறைந்தது பத்து நாள் கேட்டுக் கெஞ்சுவார்.

இதெல்லாம் புதிதாகப் போடுகிறவர்களுக்கு. என்னிடம் கேட்பவர்களோ ஏற்கெனவே வெடித்ததை வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள். 2012இல் ஒரு ரிட்டயர்டு டீச்சர். அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்த மறு வருஷம் என்பதால் நினைவிருக்கிறது. பேத்திக்கு வந்த லேப்டாப்பைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்டுக்கு முன்னால் ராம்பில் குறுக்கே விரல் நுழையும் விரிசல். பங்குனி வெயில். “சும்மாதான் கேக்கேன் தம்பி” என்றார். நானும் சும்மாதான் சொன்னேன்: பாக்கெட்டில் விரிசல் அடைக்கும் கலவை கிடைக்கிறது, வாங்கிக் குழைத்து இறுக்கி அடைத்துவிடுங்கள். அடைத்தார். அழகாக இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்ததும் அடியில் கரிசல் உப்பியது, இரண்டு பக்கத் தளமும் ஒன்றையொன்று நெருங்கப் பார்த்தது. நடுவில் நான் வைக்கச் சொன்ன கல் மாதிரியான அடைப்பு வழி விடவில்லை. விரிசலின் ஓரங்கள் இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகத் தெறித்து, தளம் மேலே எழும்பி, கேட் அடியில் முட்டிக்கொண்டது. டீச்சர் காம்பவுண்டுக்கு உள்ளே, கார் வெளியே.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கம்பியால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் கல் சத்தம், அடியில் மண் விட்ட இடத்தில் பானைச் சத்தம். பாதிக்கு மேல் பானை. “மண்ணக் கேட்டியால?” என்றார் என்னிடம். டீச்சருக்கு முன்னால் வேறு ஒன்றும் சொல்லவில்லை. உடைத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சாமான் காசு மட்டும் வாங்கினார். கூலி என் கடைக் கணக்கில்.

அதற்குப் பிறகு நான் பேச்சை மாற்றிக்கொண்டேன். யாராவது விரிசலைக் காட்டினால் முதலில் காசு ஒன்றை எடுத்து அதில் சொருகிப் பார்க்கிறேன். காசு நுழையாத முடி விரிசல் சிமென்ட் காயும்போது வந்தது, விட்டுவிடலாம். நுழைந்தால், விரிசலின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மேலே பூசி ஒரு பயனும் இல்லை. மட்டம் சரியாக இருந்தால் விரிசல் முடியும் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்கிறேன். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் சொல்லுங்கள். அடைப்பதானால் தை மாதம். மழை முடிந்து, மண் ரொம்ப உப்பாமலும் ரொம்பச் சுருங்காமலும் நடுவாந்திரமாக இருக்கும் நேரம். சாக்கை நனைக்கக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். அப்போதுகூடக் கல் மாதிரி இறுகுவதை வைக்காமல், நெகிழ்ந்து கொடுக்கும் சீலன்டை வைக்கச் சொல்கிறேன்.

மண்ணால் கெடாத ராம்பை ரோடு கெடுக்கும். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கியவர்கள் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு இறங்குகிறார்கள், மழைத்தண்ணீரும் கூடவே இறங்குகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இல் அரசாங்கமே உத்தரவு போட்டது. எங்கள் தெருவுக்கு அந்தக் காகிதம் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று, வாறுகாலையும் சேர்த்து ஒரே வார்ப்பாக ராம்பு போடாதீர்கள். வாறுகால் தூர்வார வரும்போது உடைக்கத்தான் உடைப்பார்கள். அந்த இரண்டடிக்கு மட்டும் தூக்கி வைக்கும்படி தனி ஸ்லாப் போட்டுக்கொண்டால் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

கேம் பையன்களின் கதை வேறு. 2003இல் ஜிடிஏ வைஸ் சிட்டி கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு, ‘படிப்புக்குத்தான்’ என்று அப்பா சொல்லும்போது பின்னால் நிற்கும் மகனின் கண்ணைப் பார்த்தே நான் கம்ப்யூட்டரை முடிவு செய்வேன். அந்த கேமுக்குக் குறைந்தது 128 எம்பி ராமும் 32 எம்பி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்ல முடியாது. “எதுக்கும் ராம் கொஞ்சம் கூட இருக்கட்டும் அண்ணாச்சி, படிக்கிற பிள்ள” என்பேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் அந்த 128 எம்பியை நினைவுபடுத்துகிறார்கள். அவர்களுடைய மகன்கள் கேட்பது கிராஃபிக்ஸ் கார்டு. நான் முதலில் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்றுதான் கேட்பேன். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்’ என்று ஒட்டியிருப்பது, கேசட்டில் 9999 என்று ஒட்டியிருந்ததற்குத் தம்பி. கார்டு மாட்டின அன்றே புகைந்த வீடுகள் உண்டு. சின்ன எஸ்எம்பிஎஸ் உள்ளவர்களுக்கு ரொம்ப நாளாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சொல்லிக்கொண்டிருந்தேன். 75 வாட்டுக்குள் அடங்கும், பெரும்பாலும் தனி ஒயர் வேண்டாம். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கிரிப்டோ காசு தோண்ட ராப்பகலாக ஓட்டியதா என்று விசாரிக்கச் சொல்வேன். விற்பவன் இல்லை என்பான். விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் அது பொய்.

கொஞ்ச நாளாக ஒரே கேள்விதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 என் கம்ப்யூட்டரில் ஏறாது என்கிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கணுமா? டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசரும் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கடைக்காரனாக நான் ‘ஆமாம், வாங்குங்கள்’ என்று சொல்லலாம். ஐப்பசி வியாபாரம் ஜோராக நடந்திருக்கும். ஆனால் வருகிறவர்கள் பாதிப்பேர் பில் போடவும் மெயில் பார்க்கவும் மட்டுமே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள். சுற்றும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி, கூட ஒரு 8 ஜிபி ராம், 2026 அக்டோபர் வரை நீட்டித்துத் தரும் அப்டேட்டுக்குப் பதிவு, அல்லது லினக்ஸ். இவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி சொச்சம் படிக்கும், சாதாரண எஸ்எஸ்டி 500ஐத் தொடும். எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தபின், புதுக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறதே என்று கேட்டுவிட்டு, அடுத்து இதையே ஏன் ஐந்து வருஷம் முன்னால் சொல்லவில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள்.

என் கடை வாசலிலும் ஒரு ராம்பு இருக்கிறது. நான் கடையை இந்த இடத்துக்கு மாற்றியபோது ஏற்கெனவே போட்டிருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அப்பா சாயங்காலம் வந்து வாசல் நாற்காலியில் உட்காருவார். உள்ளே வருகிறவர்கள் விரிசலைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள்.

போன வாரம் கிராஃபிக்ஸ் கார்டு விசாரிக்க வந்த பையன் வாய் அடங்காமல் கேட்டேவிட்டான். “தாத்தா, ஊருக்கெல்லாம் வழி சொல்லுதீங்க. ஒங்க கட வாசலு?”

“தையில பாப்போம்” என்றார் அப்பா.

“எந்தத் தை?”

அப்பா பதில் சொல்லவில்லை. பையன் குனிந்து பார்த்தான். விரிசலின் கீழ் நுனியில் பென்சில் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, பக்கத்தில் அப்பாவின் கோணல் எழுத்தில் தேதிகள். 2018. 2019. 2020. கடைசிக் கோடு 2022 மாசி. விரிசல் அதோடு நின்றிருந்தது.